சோலை மரம் 'சுருங்கினால்': பெல்ட் அளவு சொதப்பும்போது எங்கே பார்ப்பது

நீலகிரி மேல்மலைச் சோலைகளில் மரங்களுக்குப் பெல்ட் கட்டி, மாதம் ஒருமுறை போய் அளவெடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழனிமலை, ஆனைமலைச் சோலைகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும். டெண்ட்ரோமீட்டர் பேண்டு என்பது இதன் முழுப் பெயர். மரத்தைச் சுற்றி ஒரு மெல்லிய எஃகு நாடா, அதை இழுத்துப் பிடிக்க ஒரு ஸ்பிரிங், மரம் பருக்கப் பருக்க அகலும் ஒரு சின்ன இடைவெளி, அவ்வளவுதான். முதலில் நாங்கள் இதைப் பட்டை என்றுதான் சொன்னோம். 'பட்டை நகர்ந்திருக்கு' என்று யாராவது சொன்னால் எஃகுப் பட்டையா மரப்பட்டையா என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருந்தது. அதனால் பெல்ட் ஆகிவிட்டது.

சோலை என்பது மேகம் தவழும் மலைக்காடு. இந்த மேகக்காட்டு மரங்கள் மெதுவாக வளர்பவை. பல மரங்களுக்கு ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் விட்டம் கூடினாலே பெரிது. விட்டம் 1 மி.மீ. கூடினால் சுற்றளவு 3.14 மி.மீ. கூடும். மாதத்துக்குப் பிரித்தால் சுமார் கால் மில்லிமீட்டர். நாம் தேடிப் போவது இந்தக் கால் மில்லிமீட்டரைத்தான். பாசி, மழை, வெயில், ஈரக் கை, அவசரம் என்று எது வேண்டுமானாலும் இதை விழுங்கிவிடும்.

கீழே உள்ள எதைச் செய்தாலும் ஒரு பழக்கம் கட்டாயம். பெல்ட்டைத் தொடுவதற்கு முன் ஒரு அளவு, தொட்ட பின் ஒரு அளவு, இரண்டும் நோட்டில். பாசியைத் துடைத்தாலும் சரி, ஸ்பிரிங்கை மாற்றினாலும் சரி. முன் அளவு இல்லாமல் சரிசெய்த பெல்ட், அன்றைக்குப் புதிதாகக் கட்டிய பெல்ட்தான். அதுவரை சேர்த்த தொடர் அங்கேயே அறுந்துவிடும்.

இன்னொன்று. அளப்பவர் கையில் சென்ற மாதத் தாள் இருக்கக் கூடாது. பழைய எண் தெரிந்தால் கண் அதையே தேடும். தாள் எழுதுபவரிடம் இருக்கட்டும். அளப்பவர் எண்ணைச் சொல்லட்டும். வித்தியாசம் 1 மி.மீட்டரைத் தாண்டினால் எழுதுபவர் 'மறுபடி' என்று மட்டும் சொல்லட்டும், கூடுதலா குறைவா என்று சொல்ல வேண்டாம்.

## அறிகுறி 1: அளவு சென்ற மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் தை மாதத்திலேயே பதறிப்போவார்கள். குறைந்தது ஒரே ஒரு மரமா, அன்றைக்கு அளந்த எல்லா மரமுமா? தாளை அங்கேயே நின்று புரட்டிப் பாருங்கள்.

### எல்லா மரமும் குறைந்திருந்தால்

மரத்தை விட்டுவிடுங்கள், உங்கள் கையைப் பாருங்கள்.

பெல்ட்டின் இடைவெளியை அளக்கும் தாடைக் கருவியான வெர்னியரை மூடிப் பாருங்கள். பூஜ்யம் காட்டுகிறதா? தாடைகளுக்கு நடுவில் ஒரு துளி மண் ஒட்டியிருந்தாலே போதும். துடைத்துவிட்டு நாலு மரத்தை மறுபடி அளந்தால் தெரிந்துவிடும்.

அடுத்து நேரம். மரத்தண்டு விடியலுக்கு முன் நன்றாக உப்பியிருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை இழுக்க ஆரம்பித்ததும் சுருங்கும், பிற்பகலில் ஆக மெலிந்திருக்கும், இரவில் திரும்பவும் உப்பும். சென்ற மாதம் காலை எட்டு மணிக்கும் இந்த மாதம் மதியம் மூன்று மணிக்கும் அளந்தீர்கள் என்றால் குறையத்தான் செய்யும். மரங்களை ஒவ்வொரு மாதமும் ஒரே வரிசையில் அளப்பது இதற்காகத்தான். சாப்பாட்டுக்கு வண்டிக்குத் திரும்ப வசதியாக இருக்கிறது என்று வரிசையைத் தலைகீழாக்கக் கூடாது. நாங்கள் செய்திருக்கிறோம், அந்த மாதத்துத் தாளை இன்றைக்கும் பார்க்கப் பிடிக்காது.

பெல்ட்டின் சூடும் கணக்கில் வரும். துருப்பிடிக்காத எஃகு ஒரு மீட்டர் நீளத்துக்கு, 20 டிகிரி வெப்பம் ஏறினால் ஏறத்தாழ 0.34 மி.மீ. நீளும். பனிக்காலத்தில் ஊட்டிப் பக்கம் விடியலுக்கும் நண்பகலுக்கும் நடுவே 20 டிகிரி ஏறுவது சாதாரணம். நாடா நீண்டால் ஸ்பிரிங் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், இடைவெளி குறையும். ஒரு மீட்டர் சுற்றளவுள்ள மரத்தில் ஒரு மாத வளர்ச்சிக்கும் மேல் இதிலேயே போய்விடும். சோலைக்குள் நிழலில் நிற்கும் மரத்தில் இது பெரிதாகத் தெரியாது. புல்வெளி ஓரத்தில் வெயில் நேராக விழும் மரத்தில் நன்றாகவே தெரியும். ஓர மரங்களை முதலில் அளந்துவிட்டு உள்ளே போங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் குறைவு நிற்கிறது, மாதமோ டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் என்றால், மரம் உண்மையிலேயே சுருங்கியிருக்கிறது. பட்டை நீரை இழந்திருக்கிறது. இது பழுது இல்லை. எதையும் தொடாதீர்கள். கோடை மழை விழுந்ததும் திரும்பிவிடும். ஆண்டு வளர்ச்சியைக் கணக்கிடும்போது மட்டும் ஒரே பருவத்தின் இரண்டு அளவுகளை ஒப்பிடுங்கள். நான் தென்மேற்குப் பருவமழை நடுவில், நாலைந்து நாள் விடாமல் பெய்த பிறகு எடுத்த அளவுகளையே நம்புவேன். காய்ந்த பட்டை ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு அளவுக்குக் காயும். முழுக்க ஊறிய பட்டை ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருக்கும்.

### ஒரு மரம் மட்டும் குறைந்திருந்தால்

எண்ணைத் தவறாகக் கேட்டிருக்கலாம். காற்றடிக்கும் நாளில் 'பதினாறு'ம் 'பதினேழு'ம் ஒன்றாகக் கேட்கும். எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லவைத்து, எழுதியவர் திருப்பிச் சொல்லட்டும்.

இடைவெளியின் எந்த விளிம்பிலிருந்து எந்த விளிம்புக்கு அளந்தார்கள் என்று பாருங்கள். நாடாவில் வெட்டிய ஜன்னலின் உள்விளிம்பை ஒருவரும் வெளிவிளிம்பை இன்னொருவரும் பிடித்தால் அளவு தாவும். பெல்ட் கட்டும் அன்றே ஊசியால் இரண்டு கீறல் போட்டு, கீறலிலிருந்து கீறலுக்கு என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. பெயின்ட் புள்ளி வேண்டாம், ஒரு மழைக்காலம் தாங்காது.

பெல்ட் சரிந்திருக்கிறதா? மரத்தில் போட்ட உயரக் கோட்டோடு ஒப்பிடுங்கள். முழுதும் இறங்கியிருந்தால் கண்ணுக்கே தெரியும். ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் தெரியாது, நாலு பக்கமும் சுற்றி வந்து பார்க்க வேண்டும். முன் அளவு எடுத்துக்கொண்டு மெதுவாக ஏற்றிவிட்டுப் பின் அளவு எடுங்கள்.

பட்டை உதிர்ந்திருக்கலாம். காட்டுப் பூவரசு என்று நாம் சொல்லும் ரோடோடெண்ட்ரான்தான் இதில் முதல் சந்தேக ஆள். அதன் பட்டை தடித்துச் சொரசொரப்பாக, வெடித்து வெடித்து இருக்கும். பெல்ட்டுக்கு அடியில் ஒரு செதில் கழன்றால் 2, 3 மி.மீ. போய்விடும். அடியில் கிடக்கும் சருகைக் கிளறினால் பெரும்பாலும் அந்தச் செதிலே கிடைக்கும். நோட்டில் 'பட்டை உதிர்வு' என்று எழுதிவிட்டு அன்றைய அளவையே புதிய தொடக்கமாக வையுங்கள். இந்த மரத்தில் பெல்ட் கட்டும் முன்னாலேயே ஆடும் செதில்களைக் கையால் மட்டும் நீக்கிவிடுவது நல்லது. கத்தி வேண்டாம்.

மூன்று நான்கு மாதம் தொடர்ந்து குறைந்து, மழை வந்தும் திரும்பாத மரம் என்றால் அண்ணாந்து பாருங்கள். உச்சிக் கிளைகள் காய்ந்திருக்கின்றனவா? தண்டில் காளான் தட்டு முளைத்திருக்கிறதா? தட்டினால் பொந்துச் சத்தம் வருகிறதா? இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியில் மேகக்காட்டு மரங்கள் கூட்டமாக நுனியிலிருந்து காய்ந்து சாவதைப் பல பத்தாண்டுகளாகவே ஆராய்ந்துவருகிறார்கள். அங்கே மெலியும் மரம் அளவுப் பிழை இல்லை. உங்கள் பகுதியிலும் பக்கத்துப் பக்கத்து மரங்கள் இரண்டு மூன்று இப்படி இருந்தால் பெல்ட்டை நோண்டுவதை நிறுத்துங்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள், மர நோய் பார்ப்பவரை அழையுங்கள். கோயம்புத்தூரில் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனமும், மேட்டுப்பாளையத்தில் வனக்கல்லூரியும் இருக்கின்றன. அங்கே கேட்பதில் ஆரம்பிக்கலாம்.

### குறைந்த எண்ணை அழித்துவிடலாமா?

கூடாது. 'மரம் எப்படிச் சுருங்கும், இது பிழை' என்று கழித்தல் எண்களை மட்டும் தாளிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதே அளவு பிழை கூட்டல் பக்கமும் நடந்திருக்கும், ஆனால் அது வளர்ச்சி மாதிரி தெரிவதால் யாரும் கை வைக்க மாட்டார்கள். கடைசியில் சோலையே வேகமாக வளர்வதாகக் கணக்கு வரும். காரணம் தெரிந்த எண்ணுக்குப் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள், தெரியாததை அப்படியே விடுங்கள். எதை நீக்கலாம் என்பதைப் புள்ளியியல் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து, எல்லா மரத்துக்கும் ஒரே விதியாக முடிவு செய்ய வேண்டும். அதற்கு அவர் முதலில் கேட்பது உங்கள் அளவுப் பிழை எவ்வளவு என்பதைத்தான். பத்தில் ஒரு மரத்தை மறுநாள் வேறொருவரை வைத்து அளந்து வைத்திருந்தால் பதில் கையில் இருக்கும்.

## அறிகுறி 2: எண் மாதக்கணக்கில் அசையவே இல்லை

பெல்ட் புதிது என்றால் பொறுங்கள். கட்டிய பெல்ட் மரத்தோடு ஒட்டி உட்கார ஒரு மழைக்காலமாவது ஆகும். நாடா பட்டையின் மேடுபள்ளத்தில் தொங்கலாகத்தான் முதலில் நிற்கிறது. மரம் வளர்ந்து அந்தத் தொங்கலை எடுத்த பிறகுதான் இடைவெளி அகல ஆரம்பிக்கும். முதல் பல மாதங்களின் அளவு வளர்ச்சியைக் குறைத்துக் காட்டும். ஆய்வுக்கு ஒரு வருடம்தான் அவகாசம் என்றால், பெல்ட்டை அதற்கு முந்தைய வருடமே கட்டியிருக்க வேண்டும்.

பெல்ட் பழையது என்றால் ஒரு விரலால் நாடாவை மரத்திலிருந்து லேசாகத் தூக்கி விடுங்கள். முன் அளவு மறக்க வேண்டாம். ஸ்பிரிங் 'டக்' என்று இழுத்து நாடா திரும்பி உட்கார்ந்தால் நல்லது. நகராமல் மசமசவென்று இருந்தால் எங்கோ சிக்கியிருக்கிறது. சிக்கும் இடங்கள் மூன்று.

முதலில் காலர், அதாவது நாடாவின் ஒரு முனை நுழைந்து வரும் மடிப்பு. அதில் பாசியும் மண்ணும் இறுகியிருக்கும். பல் துலக்கும் பழைய பிரஷ் போதும். எண்ணெய் விடாதீர்கள், விட்டால் அடுத்த மாதம் அதில் இன்னும் மண் ஒட்டும்.

அடுத்தது ஸ்பிரிங். சுருள்களுக்கு நடுவே பாசி முளைக்கும், சிலந்தி கூடு கட்டும், சில சமயம் ஏதோ ஒரு பூச்சி மண்ணைக் குழைத்து அறை அறையாக வீடே கட்டிவிடும். ஊசியால் நீக்கலாம். துருப்பிடித்திருந்தால் நீக்கிப் பயனில்லை, மாற்றியே ஆக வேண்டும். நாகமுலாம் பூசிய ஸ்பிரிங் மலிவு என்று வாங்கினால் மேகம் அதை விட்டுவைக்காது. மழை நின்ற நாளிலும் சோலைக்குள் சொட்டிக்கொண்டே இருக்கும். நாடா, ஸ்பிரிங், கொக்கி மூன்றும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். அலுமினியக் கொக்கியை எஃகோடு சேர்த்தால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப் போகும்.

மூன்றாவது, நாடாவுக்கு அடியில் வளர்ந்த பாசி. இதுதான் மோசமானது. பாசி நாடாவின் மேல் ஏறி, மறுபக்கம் இறங்கி, அதை மரத்தோடு சேர்த்துத் தைத்துவிடும். பார்த்தால் பெல்ட்டே தெரியாது, பச்சை மெத்தையில் ஒரு வரி மட்டும் தெரியும். நாடாவுக்கு மேலேயும் கீழேயும் ஒரு கை அகலத்துக்குச் சுத்தம் செய்யலாம். அடியில் உள்ளதைப் பிடுங்கினால் அளவு கீழே போகும், அதனால்தான் முன் அளவும் பின் அளவும். சோலை மரத்தின் பாசியும் ஆர்க்கிடும் காட்டின் சொத்து. வேண்டிய அளவுக்கு மேல் சுரண்டாதீர்கள்.

மூன்றும் சரியாக இருந்து எண் அசையவில்லை என்றால் மரம் வளரவில்லை. கீழ்நிலையில் நிழலில் நிற்கும் மரம் ஒரு வருடம் முழுதும் அப்படியே நிற்கும். அதுவும் ஒரு அளவுதான், பூஜ்யம் என்று எழுதுங்கள்.

## அறிகுறி 3: எண் திடீரென்று தாவியிருக்கிறது

ஒரே மாதத்தில் 3 மி.மீ., 5 மி.மீ. என்று ஏறினால் யாரும் புகார் சொல்வதில்லை, சந்தோஷப்படுகிறார்கள்.

முதல் கேள்வி: எதை வைத்து அளந்தீர்கள்? எலக்ட்ரானிக் வெர்னியர் என்றால் அதை மூடி பையில் போடுங்கள். அவலாஞ்சிப் பக்கம் ஒரு ஜூன் காலை. மேகம் தரையோடு போய்க்கொண்டிருக்கிறது. முன்னால் நிற்பவரின் ரெயின்கோட் தெரிகிறது, முகம் தெரியவில்லை. நாவல் வகை மரம் ஒன்றில் வெர்னியரை வைத்தால் 14.26. எழுதுபவர் 'மறுபடி' என்றார். 17.90. 'மறுபடி.' தாடை நகராமலே திரையில் எண் ஓடியது. சட்டை உள்பக்கத்தில் துடைத்தோம், 14.31 காட்டியது. இன்னொரு முறை வைப்பதற்குள் கம்பியில் மேகம் படிந்துவிட்டது, மறுபடி ஓட்டம். இந்தக் கருவிகள் அளவுகோலில் இருக்கும் மின்தகடுகளை வைத்து நகர்வைக் கணக்கிடுகின்றன. ஈரப்படலம் படிந்தால் குழம்பிப்போகும். அன்றிலிருந்து மேல்மலைக்குக் கையால் பார்க்கும் சாதாரண வெர்னியர்தான். கண் வலிக்கும், ஆனால் மேகத்துக்கு அது அசராது.

கருவி சரி என்றால் மரத்தைச் சுற்றி வாருங்கள். நாடாவுக்கு அடியில் சுள்ளி சிக்கியிருக்கலாம், கொடி ஏறியிருக்கலாம். எடுத்துவிட்டு முன், பின் அளவு.

யாராவது உரசியிருக்கலாம். கடமான் கொம்பைத் தேய்க்கும், பட்டையையும் உரிக்கும். காட்டெருமை உடம்பைத் தேய்க்கும். நாம் பெல்ட் கட்டும் மார்பு உயரம் நமக்கு மட்டும் வசதியான உயரம் இல்லை, அவற்றுக்கும் அதுதான். தண்டில் முடி, சேறு, புதுக் கீறல் இருந்தால் முடிவு செய்துவிடலாம். பட்டை காயப்பட்டிருந்தால் அந்த இடம் ஆறும்போது தடித்து வீங்கும், அது மரத்தின் வளர்ச்சி ஆகாது. அந்த மரத்தில் பெல்ட்டை வீக்கத்துக்கு மேலே ஏற்றிக் கட்டி, புது உயரத்தைக் குறித்துவிட்டு, புதுத் தொடராகத் தொடங்குங்கள். காட்டெருமைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தால் அன்றைக்கு அந்த மரமே வேண்டாம், திரும்பி விடுங்கள். ஒரே பாதையில் தினமும் நடமாட்டம் என்றால் வனத்துறை ஆள் இல்லாமல் போகக் கூடாது.

பெருமழைக்குப் பிறகான தாவல் வேறு கதை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படியான வாரத்துக்குப் பிறகு பட்டையும் பாசியும் ஊறி எல்லா மரமும் பெருத்துத்தான் நிற்கும். எல்லா மரமும் சேர்ந்து தாவினால் மழைமானியைப் பாருங்கள்.

## அறிகுறி 4: பெல்ட் தரையில் கிடக்கிறது, அல்லது ஸ்பிரிங் முழுதாக இழுத்து நிற்கிறது

இழுத்து நிற்கிறது என்றால் நல்ல செய்தி, மரம் வளர்ந்திருக்கிறது. சோலை ஓரத்தில் புகுந்த, வேகமாக வளரும் சீகை (வாட்டில்) மரத்தில், தெரியாமல் சோலை மரத்துக்கான நீளத்தில் ஸ்பிரிங் போட்டால் சீக்கிரமே இப்படி ஆகும். அளவெடுத்துவிட்டு, அதே மரத்தில் ஒரு கை தள்ளிப் புதுப் பெல்ட் கட்டுங்கள். பழையதை உடனே அவிழ்க்காமல் இரண்டும் சில மாதம் சேர்ந்து ஓடட்டும்.

தரையில் கிடந்தால் தொடர் அறுந்தது அறுந்ததுதான். மீட்க ஒரே வழி, அந்த உயரத்தில் டேப்பால் எடுத்த பழைய சுற்றளவு இருக்கிறதா என்று பார்ப்பது. ஆண்டுக்கு ஒருமுறை எல்லா மரத்தையும் டேப்பாலும் அளந்து வைப்பது இதற்காகத்தான்.

பெல்ட் அடிக்கடி வெட்டப்பட்டுக் காணாமல் போகிறது என்றால் விலங்கைக் குறை சொல்லாதீர்கள். கம்பியும் நாடாவும் ஆளுக்கு உதவும் பொருள்கள். பக்கத்து ஊரில் போய் இது என்ன வேலை என்று ஒருமுறை உட்கார்ந்து பேசினால் நின்றுவிடும். எங்களுக்கு நின்றது.

## அறிகுறி 5: டேப் ஒன்று சொல்கிறது, பெல்ட் ஒன்று சொல்கிறது

இரண்டாண்டில் பெல்ட் 2 மி.மீ. விட்ட வளர்ச்சி காட்டும், டேப் 6 காட்டும், அல்லது பூஜ்யத்துக்குக் கீழே காட்டும். பெரும்பாலும் தப்பு டேப் பக்கம்தான்.

டேப்பின் எந்தப் பக்கம் படித்தார்கள்? விட்டம் காட்டும் டேப்பில் ஒரு பக்கம் நேரடிச் சென்டிமீட்டர், மறுபக்கம் விட்டம். மாற்றிப் படித்தால் எண் மூன்று மடங்குக்கு மேல் வரும். இதைக் கண்டுபிடிப்பது எளிது.

கஷ்டமானது சாய்வு. 30 செ.மீ. விட்டமுள்ள மரத்தில் டேப் ஒரு பக்கம் மட்டும் 5 செ.மீ. ஏறியிருந்தால் விட்டம் சுமார் 2 மி.மீ. கூடிக் காட்டும். இரண்டு வருட வளர்ச்சி, ஒரு சாய்ந்த டேப்பில்! சரிவில் நின்று தனியாக அளந்தால் இது கட்டாயம் நடக்கும். டேப் பிடிக்க ஒருவர், மரத்தைச் சுற்றி வந்து பார்க்க இன்னொருவர் வேண்டும்.

பாசியின் மேலேயே டேப்பைச் சுற்றினார்களா? சுற்றிலும் 3 மி.மீ. பாசி இருந்தால் விட்டத்தில் 6 மி.மீ. போச்சு. ஒரு வருடம் பாசியோடும் அடுத்த வருடம் பாசியைத் தள்ளிவிட்டும் அளந்தால் மரம் மெலிந்த மாதிரி இருக்கும்.

பிறகு உயரம். நம் வனவியல் வழக்கத்தில் மார்பு உயரம் 1.37 மீட்டர், பன்னாட்டு ஆய்வு மனைகளில் 1.30. மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் மெலியும் தண்டில் இந்த ஏழு சென்டிமீட்டரால் 0.7 மி.மீ. மாறும். சரிவில் இன்னும் குழப்பம். நம் பழக்கம் மேட்டுப்பக்கம் நின்று உயரம் பிடிப்பது, சில பன்னாட்டு நடைமுறைகளில் பள்ளப்பக்கம். செங்குத்தான சரிவில் இரண்டுக்கும் அரை மீட்டர் வித்தியாசம் வரும். எது சரி என்று சண்டை வேண்டாம். தண்டில் கோடு போட்டு, கோட்டில் அளங்கள்.

இவ்வளவும் பார்த்தாகிவிட்டது, தப்பு பெல்ட் பக்கம்தான் என்றால் ஒரு கணக்கைச் சரிபாருங்கள். வெர்னியர் அளப்பது நேர்கோட்டை, நமக்கு வேண்டியதோ வளைவு. பெரிய மரத்தில் வித்தியாசம் தெரியாது. 10 செ.மீ. விட்டமுள்ள சிறு மரத்தில் இடைவெளி 30 மி.மீ. ஆகிவிட்டால் உண்மையான வளைவு ஏறத்தாழ 30.5. அரை மி.மீ. காணாமல் போகும். சிறு மரங்களுக்கு இந்தத் திருத்தம் போடாமல் அறிக்கை எழுதாதீர்கள்.

டேப்பே நீண்டுபோயிருக்குமோ என்ற சந்தேகத்துக்குப் புது எஃகு அளவுகோலோடு ஒப்பிட்டாலே போதும். வெர்னியரிலும் டேப்பிலும் பிழை நிச்சயம் என்று தெரிந்தால், அளவுக் கருவிகளைச் சரிபார்த்துச் சான்று தரும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். நீங்களே அரம் வைத்து ராவ வேண்டாம்.

## அறிகுறி 6: தானியங்கி அளவி கோடு போடவில்லை, அல்லது கிறுக்குகிறது

பட்டையில் ஒரு முள் அழுத்தி நிற்க, சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானே பதியும் கருவி இது. விலை அதிகம், ஆகவே ஒரு சோலையில் இரண்டு மூன்றுதான் இருக்கும்.

*கோடு நேராக ஓடுகிறது, பகல்–இரவு ஏற்ற இறக்கம் இல்லை.* முதலில் அந்த வாரத்து வானிலையைப் பாருங்கள். நாள் முழுதும் மேகம் மூடியிருந்தால் இலைகள் நீரை இழுப்பது குறைவு, தண்டும் சுருங்காது, கோடு தட்டையாகத்தான் வரும். நான் இதற்காகவே ஒரு நாள் முழுக்க நடந்து போய், நன்றாக வேலை செய்யும் கருவியைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். வெயிலடித்த நாளிலும் தட்டை என்றால் முள் சிக்கியிருக்கிறது, அல்லது முழு நீளமும் உள்ளே போய்விட்டது. அளவெடுத்துவிட்டுத் தளர்த்தி வையுங்கள்.

*கோடு ரம்பப் பல் மாதிரி குதிக்கிறது.* திருகு தளர்ந்திருக்கும், இல்லையென்றால் முள் பாசியின் மேல் உட்கார்ந்திருக்கும். ஆடிக் காற்றில் சட்டமே ஆடும்.

*பதிவு நடுவில் நின்றுவிட்டது.* பேட்டரி. குளிரில் சாதாரண அல்கலைன் செல் சீக்கிரம் ஓய்ந்துவிடும், லித்தியம் போடுங்கள். சோலைக்குள் சூரியத் தகடு வைப்பது வீண். செல் புதிது, ஆனாலும் ஓடவில்லை என்றால் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே துளித் துளியாக நீர் கோத்திருந்தால் சிலிக்கா ஜெல் பையை மாற்றி, ரப்பர் வளையத்தைத் துடைத்து, வறண்ட அறையில் காய வைத்து மூடலாம். காட்டில் நின்று மூடினால் மேகத்தையும் உள்ளே வைத்துத்தான் மூடுவீர்கள். மின்சுற்றுப் பலகையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் அதோடு நிறுத்துங்கள். தகவலை இறக்க முயன்று மின்சாரம் கொடுத்தால் இருப்பதும் போகும். கருவி விற்றவரிடமே அனுப்புங்கள்.

## அறிகுறி 7: மரமே கிடைக்கவில்லை

பெல்ட் பாசிக்குள், மரத்தின் எண் தகடான டேக் காணவில்லை, சுற்றிலும் அதே மாதிரி வளைந்த தண்டுகள். அடுத்த எண் மரத்திலிருந்து திசையும் தூரமும் எழுதி வைத்திருந்தால் டேப்பை நீட்டிக் கண்டுபிடித்துவிடலாம். எழுதவில்லையா, இன்றைக்கே எழுதுங்கள். மரத்தின் இனம் ஒத்துவருகிறதா என்றும் பாருங்கள். தண்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இலை, பூ கிடைத்தால் அழுத்தி எடுத்துக்கொண்டு கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தென்மண்டல மையத்தில் காட்டலாம். ஆனால் சோலையிலிருந்து ஒரு இலை எடுக்கவும் அனுமதி வேண்டும், அதை முதலில் வாங்குங்கள்.

டேக் ஆணியை முழுதாக அடித்திருந்தால் அது காணாமல் போகவில்லை, மரத்துக்குள் இருக்கிறது. ஆணி பெல்ட்டிலிருந்து தள்ளி இருக்கட்டும், தலை நாலு விரல் வெளியே நிற்கட்டும். விக்கிப் பழ மரம் ஒன்றைத் தேடி அரை நாள் அலைந்தோம். கடைசியில் பாசியை விலக்கியபோது டேக்கின் ஒரு ஓரம் மட்டும் தெரிந்தது, முக்கால்வாசியைப் பட்டை விழுங்கியிருந்தது. எண்ணைத் தடவிப் பார்த்துத் தாளைத் திருப்பினோம். பதினோரு மாதமாக 'வளர்ச்சி இல்லை' என்று நாங்களே எழுதி வைத்த மரம். ஸ்பிரிங்கைத் தொட்டேன், அசையவில்லை. உள்ளே முழுக்கப் பாசி.